வலை இழுக்கும் பாட்டை எடுக்கச் சொல்லாதீர்கள்: டோக்கியோ எடோகாவா தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன ஞாயிறு மாலை உங்கள் மனு என் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அக்டோபர் விழாவில் ஆடவிருக்கும் சோரான் என்ற பழைய மீனவர் பாட்டை நீக்கிவிட்டு, "இந்தக் காலத்துக்கு ஏற்ற துள்ளலான பாட்டு" ஒன்றை வைக்கும்படி பள்ளியைக் கேட்கும் மனு. 11 பேர் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டாவதாக என் பெயரை எழுதி எதிரே இடம் விட்டிருக்கிறீர்கள். அந்த இடம் காலியாகவே இருக்கும். காரணத்தை வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரியில் சொன்னால் சண்டையில் முடியும் என்பதால் நீளமாக எழுதுகிறேன். இதே பேச்சு வேறு வட்டாரங்களிலும் நடப்பதாகக் கேள்விப்படுகிறேன். அங்கே இருப்பவர்களும் படிக்கட்டும் என்றுதான் வெளிப்படையாக எழுதுகிறேன்.

ஜப்பானுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். பள்ளியின் விளையாட்டு விழாவுக்கு இங்கே உந்தோகாய் என்று பெயர். ஓட்டப் பந்தயம், கயிறு இழுத்தல், உயரக் கூடைக்குள் பந்து எறிதல் எல்லாம் உண்டு. அவற்றோடு ஒவ்வொரு வகுப்பும் மைதானத்தில் சேர்ந்து நின்று ஓர் ஆட்டம் ஆடும். முன்பு பெரிய வகுப்புகள் மனிதக் கோபுரம் கட்டும். பிள்ளைகள் விழுந்து கைகால் முறிந்த செய்திகள் 2015 வாக்கில் பெரிய விவாதமாகி, 2016 மார்ச்சில் ஜப்பான் அரசின் விளையாட்டு முகமை சுற்றறிக்கை அனுப்பியது. பாதுகாப்பாக நடத்த முடியாவிட்டால் நிறுத்திவிடுங்கள் என்பது அதன் சாரம். பல பள்ளிகளில் கோபுரம் போய் அந்த இடத்துக்கு ஆட்டம் வந்தது. கடைசி ஆண்டுப் பிள்ளைகளை ஊரே பார்க்கும் பத்து நிமிடம் அது. பாட்டு எது என்று பெற்றோர் கவலைப்படுவதில் தவறே இல்லை. நானும் கவலைப்பட்டவள்தான்.

என் மகன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, அவன் தினமும் கொண்டுபோய்வரும் தொடர்புக் குறிப்பேட்டில் என் அரைகுறை ஜப்பானிய மொழியில் ஆசிரியைக்கு ஒரு கேள்வி எழுதினேன். "இவ்வளவு புதுப் பாடல்கள் இருக்கும்போது ஏன் பழையதையே வைக்கிறீர்கள்?" அவர் விவாதிக்கவில்லை. மறுநாள் சிவப்பு மையில் ஒரே வரி வந்தது: பயிற்சியைப் பார்க்க வாருங்கள். போனேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நீங்கள் கேட்டிருக்கும் பாட்டுக்கு வருவோம். 2023இல் யோஆசோபி இசைக்குழு வெளியிட்ட 'ஐடல்'. நல்ல பாட்டு. பாத்திரம் துலக்கும்போது நானே அதற்குத் தோள் குலுக்கியிருக்கிறேன். ஆனால் அது நிமிடத்துக்கு 160 தட்டுக்கு மேல் ஓடுகிற பாட்டு. கொஞ்சம் கணக்குப் போடுங்கள்; நம்மில் பாதிப் பேர் கணினிக்காரர்கள்தானே. ஆட்டம் கற்றுத்தருகிறவர்கள் எட்டுத் தட்டை ஒரு கட்டாக எண்ணுவார்கள். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் அந்த எட்டுக்கு 4 நொடி கிடைக்கும். 160 என்றால் 3 நொடி. வீட்டுக் கூடத்தில் கண்ணாடி பார்த்து ஆடுகிற பெண்ணுக்கு அந்த ஒரு நொடி பொருட்டல்ல. மண் மைதானத்தில் உடற்பயிற்சிச் சீருடையோடு நிற்கும் எழுபது பிள்ளைகளுக்கு அது மலை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதைக் கவனித்தவர்கள் குறைவு. ஒலிபெருக்கி விருந்தினர் கூடாரத்தின் பக்கம் நிற்கும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். 60 மீட்டர் தள்ளி நிற்கும் பிள்ளையின் காதில் பாட்டு 0.18 நொடி தாமதமாக விழும். 160 தட்டுப் பாட்டில் ஒரு தட்டின் நீளமே 0.375 நொடி. அதாவது முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே அரைத் தட்டு இடைவெளி பாட்டு தொடங்கும் முன்பே விழுந்துவிட்டது. பின்னால் இருக்கும் பிள்ளை ஒழுங்காகக் காதைக் கேட்டு ஆடினால் கண்ணுக்குத் தப்பாகத் தெரியும். முன்னால் இருப்பவனைப் பார்த்து ஆடினால் காதுக்கு ஒத்துப்போகாது. நொடிக்கு மூன்று அசைவு வைத்த ஆட்டத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். பிறகு வீட்டுக்கு வந்து காணொளியைப் பார்த்து, "என் பிள்ளைக்குத் தாளமே இல்லை" என்று நாம் சொல்வோம்.

ஆறாம் வகுப்புக்கு ஆண்டு முழுவதற்கும் உடற்கல்விக்கு ஒதுக்கியிருப்பது 90 பாடவேளை. ஒரு பாடவேளை 45 நிமிடம். நீச்சல், தாண்டல், பந்து விளையாட்டு எல்லாம் அதற்குள். ஆட்டத்துக்கு அதில் எத்தனை வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி மனுவில் என்னைக் குத்திய வரி. யார் எழுதியது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் போவதில்லை. "டோக்கியோ வரை வந்து நம் பிள்ளைகள் வலை இழுப்பது போலக் குனிந்து நிமிர வேண்டுமா?"

என் தாத்தா நாகப்பட்டினத்துக் கரையில் கரைவலை இழுத்தவர். அதைச் சொல்லி உங்களை வெட்கப்பட வைப்பது என் நோக்கமில்லை. ஆனால் அந்த வரியைத் தட்டச்சு செய்தவருக்கு, வலை இழுக்கிறவன் எப்படி நிற்பான் என்று தெரிந்திருக்காது என்பது மட்டும் உறுதி. காலை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, குதிகாலை மணலில் புதைத்து நிற்பான். அப்படி நின்றவனை அலையே சாய்க்க முடியாது. கயிற்றில் இருபது முப்பது பேர் இருந்தாலும் எல்லோர் மூச்சும் ஒரே நேரத்தில் போக வேண்டும். இல்லையென்றால் வலை நகராது. அதற்குத்தான் பாட்டு. எங்கள் பக்கம் அதை அம்பா என்பார்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்றோ ஐலசா என்றோ இழுப்பார்கள்.

சோரான் அப்படியே ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைதோவின் அம்பா. மத்திக்கு உறவுக்கார மீனான நிஷின் அந்தத் தீவின் மேற்குக் கரைக்குக் கூட்டம் கூட்டமாக முட்டையிட வரும். வலையில் அடைபட்ட மீனைப் பெரிய கைவலையால் அள்ளிப் படகில் கொட்டும்போது பாடிய பாட்டு இது. காய்ச்சி எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சிய சக்கை உரமாக மேற்கு ஜப்பானின் பருத்தி வயல்களுக்கும் அவுரி வயல்களுக்கும் போனது. 1950களின் நடுவில் நிஷின் வருவது ஏறக்குறைய நின்றே போனது. மீன் போய்விட்டது, பாட்டு மட்டும் தங்கிவிட்டது. அதன் ஓர் அடியில், நிஷின் வந்துவிட்டதா என்று கடற்காக்கையிடம் கேட்பார்கள். நானோ பறந்து போகிற பறவை, போய் அலையைக் கேள் என்று அது பதில் சொல்லும். இதைவிடக் குறும்பான பாட்டு எங்கே இருக்கிறது? இது உங்களுக்குச் சோகப் பாட்டாகவா கேட்டது?

நம் பிள்ளைகள் ஆடுவதும் பாட்டிகாலத்து வடிவம் இல்லை. ஜப்பானின் வடகோடியில் வக்கனாய் என்று ஓர் ஊர். அங்கே மினாமி நடுநிலைப் பள்ளி 1980களில் மாணவர் அடிதடிக்குப் பெயர் போயிருந்தது. ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் பல வழிகளில் முயன்றார்கள். வழக்கமான நாட்டுப்புறப் பாடகரைப் போல யாராவது மென்மையாகப் பாடியிருந்தால் அந்தப் பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கிடைத்தது பாடகர் இத்தோ தாகியோ மின்கிதாரோடு கர்ஜித்த சோரான். 1990களின் தொடக்கத்தில் அந்தப் பிள்ளைகள் அதற்கு ஆட ஆரம்பித்தார்கள். தலையைத் தாழ்த்தி, தொடை நடுங்க உட்கார்ந்து எழுந்து, அலையைப் போலக் கையை உருட்டி ஆடும் ஆட்டம் அங்கிருந்துதான் நாடு முழுக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. 1992இல் சப்போரோவில் மாணவர்கள் தொடங்கிய யோசாகோய் சோரான் விழாவும் அதே காலத்துப் பிள்ளைதான். ஆகவே இது தாத்தாக்கள் திணித்த பாட்டு என்பது சரியில்லை. கோபக்காரப் பதின்வயதுப் பிள்ளைகளின் தொடையில் சோதித்துப் பார்த்த பாட்டு.

அன்று குறிப்பேட்டின் பதிலை நம்பிப் பயிற்சியைப் பார்க்கப் போனேன் என்றேனே, ஆறாம் வகுப்பு ஆடியது இதைத்தான். பாதிப் பிள்ளைகளுக்கு அடுத்து என்ன அசைவு என்று நினைவில்லை. ஆனால் "தொக்கொய்ஷோ!" என்ற கூவல் வந்ததும் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து விழுந்தார்கள். தொலைந்த பிள்ளை நான்கு தட்டுக்குள் வீடு திரும்பிவிடுகிறான். அசைவுகள் நீளமானவை, கயிறு இழுப்பது நாலைந்து தட்டுக்கு நீள்கிறது. அரைத் தட்டுத் தாமதம் அதில் கரைந்துபோகிறது. தாளம் இல்லாத பையன் அதில் பலசாலியாகத் தெரிகிறான். குண்டான பெண் இடுப்பைத் தாழ்த்தி நின்றால் ஒல்லிக்குச்சிகள் அவள் பக்கத்தில் நிற்கவே முடியாது. எனக்கு அன்று புரிந்தது ஒன்றுதான்: பள்ளிப் பாட்டைக் கடைசி வரிசையில் நின்று தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே நிற்கும் பிள்ளைக்கு எந்த இடத்தில் திரும்பிச் சேர்ந்துகொள்ள முடிகிறது என்று பார்க்க வேண்டும். துள்ளல் அங்கிருந்துதான் கிளம்புகிறது. வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

இதைச் சொன்னால் நான் புதுப் பாடல்களுக்கு எதிரி என்று நினைத்துவிடுவீர்கள். இல்லவே இல்லை. என் அளவுகோலில் தேறிய புதுப் பாடல்கள் நிறைய உண்டு. 2013இல் ஏகேபி 48 குழு வெளியிட்ட 'கோய்சுரு ஃபார்ச்சூன் குக்கி'யை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டிஸ்கோ நடை, அவசரமில்லாத தாளம். ஆட்டம் அமைத்த பப்பாயா சுசுகி, கையால் உருண்டை பிடிப்பது போன்ற அசைவுகளை வைத்தார். சப்பாத்தி மாவு உருட்டத் தெரிந்தவர்களுக்கு வந்துவிடும். அதனால்தான் அந்த ஆண்டு கம்பெனி ஊழியர்களும் நகராட்சி அலுவலர்களும் தங்கள் தங்கள் காணொளி எடுத்துத் தள்ளினார்கள். டை கட்டிய நடுவயதுக்காரர்கள் வெட்கப்பட்டுக்கொண்டே ஆடுவதைப் பார்ப்பதே தனி இன்பம். 2018இல் என்எச்கே தொலைக்காட்சிக்காக யோனேசு கென்ஷி எழுதி, ஐந்து சிறுவர் சிறுமியர் பாடி ஆடிய 'பப்ரிக்கா' இன்னொன்று. அடுத்த ஆண்டே ஜப்பான் இசைத்தட்டு விருது வாங்கிய அந்தப் பாட்டைச் சின்ன வகுப்புகள் ஆடும்போது பாருங்கள். பல்லவி வந்ததும் யாரும் சொல்லித்தராமலே கை மேலே போகும்.

பல்லவியை இங்கே ஸபி என்கிறார்கள். நம் காதில் சாபம் போல விழுகிற சொல். நீங்கள் பாட்டுத் தேடும்போது முழுப் பாட்டையும் கேட்க வேண்டாம், ஸபியை மட்டும் கேளுங்கள்; அது வரும்போது உங்களை அறியாமல் உடம்பு ஏதாவது செய்கிறதா, அந்தச் செயலைப் பிள்ளை இரண்டாம் முறையே செய்துவிடுகிறதா என்று பாருங்கள். ஐடலில் நடை மாறிக்கொண்டே இருக்கிறது, இடையில் வேகப் பேச்சுப் பாட்டு வேறு. பொருளும் அப்படித்தான். 'ஓஷி நோ கோ' அனிமேயின் தொடக்கப் பாட்டு அது. பொய்யையே அன்பாகக் காட்டிச் சிரிக்கிற ஒரு நட்சத்திரப் பெண்ணைப் பற்றியது. தடைசெய்ய வேண்டிய பாட்டு என்று நான் சொல்லவில்லை. ஒருத்தி மேடை நடுவில் நின்று ஆடினால் அதற்கு உயிர் வரும். எழுபது பேர் ஆடினால் அறுபத்தொன்பது பேர் பின்னணியாகிவிடுவார்கள்.

இது கற்பனை இல்லை, என் வீட்டிலேயே நடந்தது. மகனின் நடுநிலைப் பள்ளியில் (எந்தப் பள்ளி என்பது வேண்டாம்) கலைவிழாவுக்கு வகுப்பே வாக்கெடுத்து அந்த மாதத்தில் எல்லோர் கைப்பேசியிலும் ஓடிய பாட்டைத் தேர்ந்தெடுத்தது. ஆடத் தெரிந்த ஐந்து பேர் முன்னால். மீதி முப்பது பேர் வண்ணத்தாள் அட்டை தூக்கினார்கள். என் மகன் இடமிருந்து மூன்றாவது அட்டை. 2012 முதல் நடுநிலைப் பள்ளியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆட்டம் கட்டாயப் பாடம். அதைப் படித்த பிள்ளைக்கு விழாவில் கிடைத்தது அட்டை. வீட்டுக்கு வந்து, "காற்று அடித்தபோது நான் விடவில்லை, அம்மா" என்றான். பெருமையாகத்தான் சொன்னான்.

ஒசாகாவின் தோமியோகா உயர்நிலைப் பள்ளிப் பெண்களைக் குழுவில் ஒருவர் உதாரணம் காட்டியிருந்தார். 2017இல் தோள்பட்டை வைத்த கோட்டும் சிவப்பு உதட்டுச் சாயமுமாக, ஓகினோமே யோகோவின் 1985ஆம் ஆண்டு 'டான்சிங் ஹீரோ'வுக்கு அவர்கள் ஆடியது நாட்டையே கலக்கியது உண்மை. ஆனால் அவர்கள் நடனக் கழகத்தினர், தேசியப் போட்டிக்காகவே நாள்தோறும் வியர்வை சிந்தியவர்கள். இதில் வேடிக்கை, அதே பாட்டுக்கு அய்ச்சி, கிஃபு பக்கத்தில் போன் ஒதோரி என்ற கோடைகால ஊர் ஆட்டத்தில் பாட்டிகளும் பேரக்குழந்தைகளும் கும்மி போல வட்டமாகச் சுற்றி எளிய அடி வைத்து ஆடுகிறார்கள். பாட்டு ஒன்றுதான், வட்டத்தில் நின்றால் ஊர் முழுக்க ஆடலாம், போட்டிக்கு நின்றால் நாற்பது பேர்தான் ஆடலாம். நம் பிள்ளைகள் எதற்கு நிற்கிறார்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். வட்ட ஆட்டம் வேண்டுமானால் 'தன்கோ புஷி' இருக்கிறது. ஃபுகுவோகாவின் நிலக்கரிச் சுரங்கப் பாட்டு. தோண்டு, தோண்டு, தோளில் போடு, வண்டியைத் தள்ளு என்று வேலையே அடியாகிவிடும். ஓ, மன்னிக்கவும், அதுவும் கூலி வேலைதான்.

மனுவின் கடைசிப் பத்தி காணொளி பற்றியது. பிரபலமான பாட்டாக இருந்தால் யூடியூபில் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டணம் வாங்காத, ஆடுபவர்களுக்குக் கூலி தராத பள்ளி விழாவில் பாட்டை ஒலிக்கவிட ஜப்பான் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த இடம் மைதானத்தோடு முடிந்துவிடுகிறது. இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவோடு இணையத்தில் ஏற்றுவது வேறு கதை, அதற்கு அனுமதி வேண்டும். அதோடு படத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் முகமும் இருக்கும். ஊரில் இருக்கும் பாட்டிக்கு அனுப்புங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

உங்கள் பக்கம் நியாயம் இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆழமாக உட்கார்ந்து எழும் ஆட்டத்தில் முழங்கால் வலி உள்ள பிள்ளைகள் திணறுகிறார்கள். செப்டம்பர் வெயிலில் பயிற்சி கொடுமை. இந்த இரண்டுக்கும் மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. முழங்கால் முடியாதவர்களுக்குக் கொடி அசைக்கும் பகுதி, பயிற்சியைக் காலை முதல் பாடவேளைக்கு மாற்றுவது, உள்ளரங்கை முறைவைத்துப் பயன்படுத்துவது என்று கேட்கலாம். சோரானோடு இரண்டாவதாக ஒரு புதுப் பாட்டும் வேண்டுமென்றால் அதையும் கேட்கலாம். ஆனால் பாட்டின் பெயரை நாம் எழுதக் கூடாது. பிள்ளைகள் எழுதட்டும்.

ஏனென்றால் அவர்களை யாரும் கேட்கவில்லை. நான் என் மகளைக் கேட்டேன். சோரானை எடுத்துவிட்டால் என்ன என்றதும் அவள் சோற்றுத் தட்டை விட்டு எழுந்துவிட்டாள். இந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பு மட்டும்தான் அதை ஆடும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து விழாக்களில் மணலில் உட்கார்ந்து, பெரியவர்கள் முதுகில் எழுத்துப் போட்ட ஹப்பி மேலங்கியோடு வரிசையாக வருவதைப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒரு கான்ஜி எழுத்தைத் தானே தூரிகையால் எழுதிக்கொள்வார்கள். தன் எழுத்தை அவள் இரண்டாம் வகுப்பிலேயே தேர்ந்தெடுத்துவிட்டாள். அவள் பெயரில் ஒரு மீன் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த எழுத்துதான்.

ஹப்பிகள் இன்னும் தைத்து முடியவில்லை. பள்ளி துணி மட்டும்தான் தருகிறது. என்னிடம் தையல் இயந்திரம் இருக்கிறது, வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். உங்களில் தைக்கத் தெரிந்தவர்கள் வாருங்கள். தெரியாதவர்கள் பிசிறு வெட்டலாம்.

இப்படிக்கு,
பன்னிரண்டாவது பெயருக்கு உரியவள்